10 கிலோவுக்குக் குறைவான எடை மட்டும் உலாவி நீட்சிக்கு வந்து சேரவில்லை: நேட்டிவ் மெசேஜிங்

தராசுக்காரன் கேட்டது:

வணக்கம். ஒரு மளிகை மொத்த விற்பனைக் கடைக்காக நான் செய்துவரும் சிறிய ஏற்பாடு ஒன்றில் மூன்று நாட்களாகச் சிக்கிக்கொண்டிருக்கிறேன். அந்தக் கடையின் பில் போடும் மென்பொருள் குரோம் உலாவியில் திறக்கும் ஓர் இணையப் பக்கம். எடை போடும் மின்னணுத் தராசு அதே விண்டோஸ் கணினியின் சீரியல் போர்ட்டில் இணைக்கப்பட்டிருக்கிறது. தராசில் தெரியும் எண்ணைப் பார்த்துப் பில்லில் கையால் அடிக்கும்போது அவ்வப்போது தவறு நேர்வதால், எடை தானாகவே பில் பக்கத்தின் கட்டத்தில் வந்து விழவேண்டும் என்று கடைக்காரர் விரும்புகிறார்.

இதற்காகக் குரோமுக்கு ஒரு நீட்சியும், விஷுவல் சி பிளஸ் பிளஸ்ஸில் ஒரு ஹோஸ்ட் நிரலும் எழுதினேன். உலாவி நீட்சியும் கணினியில் ஓடும் நிரலும் செய்தி பரிமாறிக்கொள்ளக் குரோம் தரும் நேட்டிவ் மெசேஜிங் என்ற வசதி வழியாக இரண்டும் பேசுகின்றன. ஹோஸ்டைக் குரோமுக்கு அறிமுகப்படுத்தும் மேனிஃபெஸ்ட் கோப்பில் பெயர், நிரல் இருக்கும் பாதை, ஸ்டுடிஐஓ என்ற வகை, அனுமதிக்கப்பட்ட நீட்சியின் ஐடி ஆகியவற்றைக் குறித்து, விண்டோஸ் தன் அமைப்புகளைச் சேமிக்கும் ரெஜிஸ்ட்ரியில் நடப்புப் பயனரின் பகுதியில் குரோமுக்குக் கீழே இருக்கும் நேட்டிவ் மெசேஜிங் ஹோஸ்ட்ஸ் என்ற இடத்தில் அந்தக் கோப்பின் முழுப் பாதையையும் பதிந்துவிட்டேன். நீட்சியின் சர்வீஸ் வொர்க்கர், அதாவது பின்னணியில் ஓடும் பகுதி, கனெக்ட்நேட்டிவ் என்ற அழைப்பின் மூலம் ஹோஸ்டைத் திறக்கிறது. ஹோஸ்ட் தராசிலிருந்து வரும் எடையை இரண்டு தசம இடங்களுடன் ஜேசன் என்ற தரவு வடிவில் ஓர் உரையாக்கி, முதலில் 4 பைட்டில் நீளத்தையும் அதன்பின் உரையையும் நிரலின் வழக்கமான வெளியீட்டு வழியான ஸ்டேண்டர்ட் அவுட்புட்டில் எழுதுகிறது. உரையில் இருப்பது ஓர் எழுத்துச் சாவியும் எடையும் மட்டுமே.

தராசில் 25 கிலோ மூட்டையை வைத்தால் உடனே பக்கத்தில் 25.00 என்று வருகிறது. 12.50 வருகிறது, 40.75 வருகிறது. ஆனால் 10 கிலோவுக்குக் குறைவான எதை வைத்தாலும் நீட்சிக்கு எதுவும் வந்து சேர்வதில்லை. பிழைச் செய்தி இல்லை, இணைப்பு அறுந்ததற்கான அறிகுறியும் இல்லை, டாஸ்க் மேனேஜரில் ஹோஸ்ட் நிரல் ஓடிக்கொண்டே இருக்கிறது. இன்னும் விநோதமாக, ஒருமுறை 2 கிலோ பருப்பை வைத்து எடுத்துவிட்டுப் பிறகு 25 கிலோ மூட்டையை வைத்தாலும் அதன்பின் எதுவும் வருவதில்லை. நீட்சியை மறுபடி ஏற்றினால்தான் பேசத் தொடங்குகிறது. தராசில் கோளாறோ என்று நினைத்து, தராசையே கழற்றிவிட்டு நிரலுக்குள் 1.25 என்ற எண்ணை நேரடியாக எழுதிப் பார்த்தேன், அப்போதும் இதே மௌனம்தான்.

இதைத் தவிர இன்னொரு கேள்வியும் உண்டு. இப்போது சோதனைக்காக ஹோஸ்ட் நிரலே சீரியல் போர்ட்டைத் திறக்கிறது. கடையிலோ நான் முன்பே எழுதிக்கொடுத்த இருப்புக் கணக்குச் செயலி காலை முதல் இரவு வரை திறந்திருக்கும், அதுதான் போர்ட்டைப் பிடித்து வைத்திருக்கும். ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் அந்தச் செயலியுடன் நீட்சியை இணைக்க வழி உண்டா?

கல்லாப்பெட்டி எழுதியது:

ஒரு சந்தேகம் மட்டும் கேட்டுவிடுகிறேன். குரோம் 89ஆம் பதிப்பு முதல், அதாவது 2021 முதல், வெப் சீரியல் என்ற வசதி இருக்கிறது. பில் பக்கமே பயனரின் அனுமதியைக் கேட்டுப் போர்ட்டைத் திறந்து எடையைப் படித்துக்கொள்ளலாம். நீட்சியும் ஹோஸ்டும் தேவையே இல்லை. அதை ஏன் தவிர்த்தீர்கள்?

தராசுக்காரன்:

அதைத்தான் முதலில் யோசித்தேன், ஐயா. ஆனால் விண்டோஸில் ஒரு சீரியல் போர்ட்டை ஒரு நேரத்தில் ஒரு நிரல்தான் திறக்க முடியும். இருப்புக் கணக்குச் செயலி அதைப் பிடித்திருக்கும்போது உலாவிக்குக் கிடைக்காது. மேலும் பில் மென்பொருள் வேறொரு நிறுவனத்துடையது, அதன் பக்கத்தில் என்னால் ஒரு வரியும் சேர்க்க முடியாது. நீட்சியின் வழியாகக் கட்டத்தை நிரப்புவது ஒன்றுதான் எனக்கு இருக்கும் வழி.

குழாய்வழி எழுதியது:

உங்கள் முதல் கேள்விக்கான விடை நீங்கள் எழுதிய விவரத்திலேயே இருக்கிறது. அனுப்பும் உரையை எண்ணிப் பாருங்கள்: திறக்கும் அடைப்புக்குறி 1, இரட்டை மேற்கோள்களுடன் சாவி எழுத்து 3, முக்காற்புள்ளி 1, 1.25 என்ற எண்ணுக்கு 4, மூடும் அடைப்புக்குறி 1, ஆக மொத்தம் 10 பைட். எடை 10 கிலோவைத் தொட்டதும் ஓர் இலக்கம் கூடி நீளம் 11 ஆகிவிடுகிறது. உங்கள் நிரல் தடுமாறுவது எடை 10 கிலோவுக்குக் குறைவதால் அன்று, உரையின் நீளம் சரியாக 10 பைட்டாக அமைந்துவிடுவதால்தான்.

10 என்ற எண்ணுக்கு மட்டும் ஏன் இந்தக் கதி என்றால், எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் அஸ்கி வரிசையில் 10 என்பது புதிய வரிக்கான குறி. விண்டோஸில் சி நூலகம் ஸ்டேண்டர்ட் அவுட்புட்டை வழக்கமாக டெக்ஸ்ட் மோடில்தான் திறந்து வைத்திருக்கும். அந்த நிலையில் 10 என்ற பைட் எழுதப்படும்போதெல்லாம் அதைப் புதிய வரி என்று கருதி, அதற்கு முன்னால் 13 என்ற பைட்டைத் தானாகவே செருகிவிடும். நீளத்தைக் குறிக்க நீங்கள் எழுதுவது 10, 0, 0, 0 என்ற நான்கு பைட்டுகள். உலாவிக்குச் செல்லும் குழாயில் போய்ச் சேருவதோ 13, 10, 0, 0, 0 என்ற ஐந்து. குரோம் முதல் நான்கை எடுத்து, கணினியின் பைட் வரிசைப்படி, அதாவது சிறிய மதிப்புள்ள பைட் முதலில் வருவதாகக் கொண்டு, நீளத்தைக் கணக்கிடுகிறது: 13 உடன் 10 பெருக்கல் 256ஐக் கூட்டினால் 2573. ஆகவே 2573 பைட் நீளமுள்ள செய்தி வரப்போகிறது என்று நம்பிக் காத்திருக்கிறது. அதற்கு அடுத்துக் கிடைப்பது மிஞ்சிய ஒரு பூச்சியமும் உங்கள் 10 பைட் உரையும் மட்டுமே.

நீங்கள் சொன்ன மௌனத்துக்கும் இதுவே காரணம். ஹோஸ்டிலிருந்து நீட்சிக்கு வரும் ஒரு செய்தி 1 எம்பிக்கு மேல் போகக் கூடாது என்பது குரோமின் விதி. அந்த வரம்பைத் தாண்டிய நீளம் வந்திருந்தால் உடனே பிழை என்று சொல்லி இணைப்பை அறுத்திருக்கும். 2573 என்பது வரம்புக்குள் அடங்கிய நியாயமான எண்ணாக இருப்பதால் அதற்குச் சந்தேகமே எழவில்லை. அதன்பின் நீங்கள் 25 கிலோ மூட்டையை வைத்தாலும், அந்தச் செய்தி முழுவதும் முடியாத அந்த 2573க்குள் போய்ச் சேர்ந்துகொண்டிருக்கும்.

தீர்வு எளியது. மெயின் ஃபங்ஷனின் முதல் வேலையாக, எதையும் படிக்கவோ எழுதவோ முன்பே, ஸ்டேண்டர்ட் இன்புட், ஸ்டேண்டர்ட் அவுட்புட் இரண்டையும் பைட்டுகளை மாற்றாமல் விடும் பைனரி மோடுக்கு மாற்றுங்கள். முன்னால் அடிக்கோடு இட்ட செட்மோட் என்ற ஃபங்ஷன் இதற்கென்றே இருக்கிறது. அவுட்புட்டை மட்டும் மாற்றிவிட்டு நிறுத்திவிடாதீர்கள்: டெக்ஸ்ட் மோடில் படிக்கும்போது 26 என்ற பைட் கோப்பின் முடிவாகக் கொள்ளப்படும், எனவே என்றைக்காவது நீட்சி 26 பைட் நீளமுள்ள ஒரு செய்தியை அனுப்பினால் உங்கள் ஹோஸ்ட் உலாவி மூடப்பட்டுவிட்டதாக எண்ணித் தானும் வெளியேறிவிடும். அந்தப் பிழையைத் தேடிக் கண்டுபிடிப்பது இதைவிடக் கடினம்.

இன்னும் இரண்டு சொல்லிவிடுகிறேன். உரையை எழுதியபின் வரி முடிவுக் குறி எதையும் சேர்க்காதீர்கள், எழுதியதைத் தேக்கி வைக்காமல் உடனே வெளியே தள்ளும் ஃப்ளஷ் வேலையைச் செய்ய மறக்காதீர்கள். சோதனைக்காக எழுதும் வாசகங்களை பிழைச் செய்திகளுக்கான தனி வழியான ஸ்டேண்டர்ட் எரருக்கு மட்டும் அனுப்புங்கள். நான் முதன்முதலில் ஹோஸ்ட் எழுதியபோது, நிரல் தொடங்கியதும் ஸ்டார்ட் என்ற ஆங்கிலச் சொல்லை அவுட்புட்டில் அச்சிட்டு வைத்திருந்தேன். பெரிய எழுத்தில் தொடங்கும் அந்தச் சொல்லின் முதல் நான்கு எழுத்துகளைக் குரோம் நீளமாக எடுத்துக்கொண்டபோது அது 191 கோடி பைட்டுகளுக்கு மேல் வந்தது. இணைப்பு பிறந்த கணமே அறுந்தது. அந்த வாசகத்தை நான் வைத்ததே நிரல் ஏன் ஓடவில்லை என்று கண்டுபிடிப்பதற்காகத்தான்.

தராசுக்காரன்:

மிக்க நன்றி. இரண்டு வரிகளைச் சேர்த்ததும் 0.05 முதல் 9.95 வரை எல்லா எடைகளும் வந்துவிட்டன. முன்பு ஹோஸ்டின் வெளியீட்டை ஒரு கோப்புக்குத் திருப்பி நோட்பேடில் பார்த்தபோது உரை சரியாகவே தெரிந்ததால்தான் நீளத்தைச் சந்தேகிக்கவில்லை. இன்று ஹெக்ஸ் எடிட்டரில் பழைய கோப்பைத் திறந்து பார்த்தேன், நீங்கள் சொன்ன 13 அங்கே முதல் பைட்டாக உட்கார்ந்திருக்கிறது. நீட்சியிலிருந்து வேண்டுமென்றே 26 பைட் நீளச் செய்தி ஒன்றையும் அனுப்பிப் பார்த்தேன், ஹோஸ்ட் இப்போது வெளியேறவில்லை.

இனி இரண்டாவது கேள்விக்கு வழி தெரிந்தால் சொல்லுங்கள். இருப்புக் கணக்குச் செயலியின் பாதையையே மேனிஃபெஸ்டில் கொடுத்துப் பார்த்தபோது, ஓடிக்கொண்டிருக்கும் செயலியுடன் இணையாமல் இன்னொரு பிரதி திறந்துகொண்டது.

கல்லாப்பெட்டி:

நேட்டிவ் மெசேஜிங்கின் இயல்பே அதுதான். ஹோஸ்டைத் தொடங்குவது எப்போதும் உலாவி. தான் தொடங்கிய நிரலின் இன்புட், அவுட்புட் ஆகிய இரண்டு குழாய்களின் மறுமுனையைத்தான் அது கையில் வைத்திருக்கிறது. தன் போக்கில் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் ஒரு செயலியின் குழாய்களைப் பிடிக்க அதற்கு வழியே இல்லை. கனெக்ட்நேட்டிவை இரண்டு முறை அழைத்தால் இரண்டு பிரதிகள் ஓடும். செண்ட்நேட்டிவ்மெசேஜைப் பயன்படுத்தினால் ஒவ்வொரு செய்திக்கும் ஒரு புதிய பிரதி தொடங்கி முடியும். எடை ஓயாமல் மாறிக்கொண்டிருக்கும் உங்கள் வேலைக்கு இரண்டாவது பொருந்தாது.

ஆகவே நடுவில் ஒரு தரகர் வேண்டும். நீங்கள் எழுதிய ஹோஸ்டிலிருந்து சீரியல் போர்ட் வேலையை எடுத்துவிட்டு, ஒரு பக்கம் உலாவியுடனும் மறுபக்கம் நேம்டு பைப் (நிரல்கள் ஒரு பெயரைச் சொல்லி ஒன்றோடொன்று இணையும் குழாய்) வழியாக இருப்புக் கணக்குச் செயலியுடனும் பேசும் சிறு நிரலாக அதைச் சுருக்கிவிடுங்கள். செயலி தொடங்கும்போது ஒரு நேம்டு பைப்பைத் திறந்து காத்திருக்கும். ஹோஸ்ட் அதில் போய் இணைந்து, வருவதை அப்படியே கைமாற்றும். கடவுச்சொற்களைச் சேமித்து வைக்கும் கீபாஸ்எக்ஸ்சி இந்த வழியைத்தான் பின்பற்றுகிறது: உலாவி தொடங்குவது கீபாஸ்எக்ஸ்சி பிராக்ஸி என்ற ஒரு சின்ன நிரலை மட்டுமே, அது ஓடிக்கொண்டிருக்கும் முதன்மைச் செயலியுடன் விண்டோஸில் நேம்டு பைப் வழியாகவும், லினக்ஸிலும் மேக்கிலும் யூனிக்ஸ் சாக்கெட் வழியாகவும் பேசுகிறது. அதன் மூல நிரல் யாவரும் படிக்கும்படி வெளியிடப்பட்டிருக்கிறது, ஒருமுறை புரட்டிப் பாருங்கள்.

எழுதும்போது கவனிக்கவேண்டியவை சில உண்டு. ஒருவர் குரோமில் இரண்டு ப்ரொஃபைல்களைத் திறந்து இரண்டிலும் நீட்சியை வைத்திருந்தால் இரண்டு ஹோஸ்ட்கள் வரும், எனவே பைப்பை ஒரே ஓர் இணைப்புக்கு மட்டும் என்று கட்டாதீர்கள். செயலி மூடியிருக்கும்போது ஹோஸ்ட் வெறுமனே இறந்துபோவதைவிட, செயலி திறக்கப்படவில்லை என்ற செய்தியை நீட்சிக்கு அனுப்பிவிட்டு வெளியேறுவது நல்லது. இல்லையென்றால் நேட்டிவ் ஹோஸ்ட் வெளியேறிவிட்டது என்ற பொதுவான பிழை மட்டுமே கிடைக்கும், கடைக்காரருக்கு அதிலிருந்து எதுவும் விளங்காது. ஸ்டேண்டர்ட் இன்புட் முடிந்ததும் ஹோஸ்ட் தானாக வெளியேறவேண்டும், அதை நிரலுக்குள் இணையாக ஓடும் இன்னொரு த்ரெட்டில் கவனித்துக்கொண்டிருங்கள். பைப்பிலேயே காத்திருந்தால் உலாவி போன பின்னும் ஹோஸ்ட் அநாதையாகத் தங்கிவிடக்கூடும்.

சர்வீஸ் வொர்க்கரைப் பற்றி உங்களுக்குக் கவலை இருந்தால், குரோம் 105 முதல் கனெக்ட்நேட்டிவ் இணைப்பு திறந்திருக்கும்வரை அது உயிரோடு வைக்கப்படுகிறது. 30 விநாடி சும்மா இருந்தால் நிறுத்திவிடும் வழக்கம் அப்போது பொருந்தாது. ஆனால் ஹோஸ்ட் விழுந்தால் அந்தப் பாதுகாப்பும் போய்விடும் என்பதால், இணைப்பு அறுந்த நிகழ்வைக் கேட்கும் இடத்திலேயே மறுபடி இணையும் வேலையையும் எழுதிவிடுங்கள்.

குழாய்வழி:

கல்லாப்பெட்டி சொன்னதே சரியான வழி. இதற்கு மாற்றாக, இருப்புக் கணக்குச் செயலிக்குள் லோக்கல்ஹோஸ்டில், அதாவது அதே கணினியின் முகவரியில், ஒரு சின்ன வெப் சர்வரைத் திறந்து வைத்தால் ஹோஸ்டே வேண்டாமே என்று யாராவது சொல்லக்கூடும் என்பதால் ஒரு வார்த்தை. எழுதுவதற்கு அது சுலபம்தான். ஆனால் அந்த சர்வர் உங்கள் நீட்சிக்கு மட்டும் திறந்திருப்பதன்று, உலாவியே அனுமதி கேட்டுத் தடுக்காதவரை அதில் திறக்கும் எந்த இணையப் பக்கமும் அந்த சர்வரின் கதவைத் தட்டலாம். ஒரு தளத்தின் பக்கம் வேறொரு தளத்தின் தரவைப் படிப்பதைக் கட்டுப்படுத்தும் கார்ஸ் விதிகள் பதிலைப் படிக்கவிடாமல் தடுத்தாலும், எளிய கோரிக்கைகள் சர்வரைப் போய்ச் சேருவதை அவை தடுப்பதில்லை. தொடர்ந்து திறந்திருக்கும் இருவழி இணைப்பான வெப்சாக்கெட்டுக்கோ அந்தத் தடையும் இல்லை, கோரிக்கை எந்தத் தளத்திலிருந்து வந்தது என்று சொல்லும் ஆரிஜின் தலைப்பை சர்வர்தான் தானே சரிபார்க்கவேண்டும். 2019 ஜூலையில் மேக் கணினிகளில் ஸூம் இப்படி நிறுவி வைத்திருந்த உள்ளூர் வெப் சர்வரைப் பயன்படுத்தி, ஓர் இணையப் பக்கத்தைத் திறந்தாலே பயனரைக் கேட்காமல் அழைப்பில் சேர்த்துவிட முடியும் என்பது வெளியானது. செயலியை நீக்கிய பின்னும் அந்த சர்வர் கணினியிலேயே தங்கியிருந்ததால், ஆப்பிளே ஒரு புதுப்பிப்பை அனுப்பி அதை அகற்றவேண்டியதாயிற்று.

நேட்டிவ் மெசேஜிங்கில் ஹோஸ்டை அழைக்கும் உரிமை மேனிஃபெஸ்டில் ஐடி குறிக்கப்பட்ட நீட்சிக்கு மட்டுமே உண்டு, எல்லாருக்கும் என்று பொதுவாக எழுத அங்கே இடமே கிடையாது. ஆனால் நேம்டு பைப்புக்கு அந்தக் காவல் இல்லை, அதே பயனரின் பெயரில் ஓடும் வேறு நிரலும் அதைத் திறக்க முடியும். எடையை மட்டும் சொல்லும் பைப்பாக இருக்கும்வரை பெரிய ஆபத்து இல்லை. இருப்பைத் திருத்தும் கட்டளைகளையும் அதிலேயே வைத்துவிடாதீர்கள்.

கடைக் கணினிக்கு மாற்றும்போது வரக்கூடிய ஒரு தொல்லையையும் முன்கூட்டிச் சொல்கிறேன். டெவலப்பர் மோடில் கோப்புறையிலிருந்து ஏற்றும் நீட்சியின் ஐடி, அந்தக் கோப்புறையின் பாதையிலிருந்து உருவாவது. கடையில் வேறு பாதையில் வைத்தால் ஐடி மாறும், அனுமதி மறுக்கப்பட்டது என்ற பிழை வரும். நீட்சியின் மேனிஃபெஸ்டில் கீ என்ற புலத்தை இட்டுவிட்டால் ஐடி எங்கும் ஒன்றாகவே இருக்கும். ஹோஸ்டின் மேனிஃபெஸ்டில் ஐடியை எழுதும்போது கடைசியில் வரும் சாய்கோட்டையும் விட்டுவிடாதீர்கள். பின்னாளில் ஃபயர்ஃபாக்ஸுக்கும் தேவைப்பட்டால் தனி மேனிஃபெஸ்ட் கோப்பு எழுதவேண்டியிருக்கும், அங்கே அனுமதிப் புலத்தின் பெயரும் ரெஜிஸ்ட்ரி இடமும் வேறு.

தராசுக்காரன்:

இருவருக்கும் நன்றி. தரகர் முறையில் மாற்றி எழுதிவிட்டேன். இருப்புக் கணக்குச் செயலி திறந்திருக்கும்போதே பில் பக்கத்துக்கு எடை வருகிறது. எடையோடு பொருளின் பெயரையும் செயலியிலிருந்து அனுப்பலாம் என்று முயன்றபோது புதிய தடுமாற்றம் ஒன்று. பெயரை ஆங்கிலத்தில் அனுப்பினால் வருகிறது, அரிசி என்று தமிழில் அனுப்பினால் மட்டும் இணைப்பு அறுந்துவிடுகிறது. இந்த முறை மௌனம் இல்லை, ஹோஸ்டுடன் பேசுவதில் பிழை என்று தெளிவாகவே சொல்கிறது. பைனரி மோட் அப்படியேதான் இருக்கிறது.

கல்லாப்பெட்டி:

நீளத்தை எந்த உரையிலிருந்து எடுக்கிறீர்கள் என்று பாருங்கள். செயலிக்குள் பெயரை அகல எழுத்து உரையாக (எழுத்துக்கு ஒன்றுக்கு மேற்பட்ட பைட் எடுக்கும் வடிவில்) வைத்துக்கொண்டு அதன் நீளத்தையே அனுப்புகிறீர்கள் என்று ஊகிக்கிறேன். அரிசி என்பது கண்ணுக்கு மூன்று எழுத்து. யூனிகோடில் அ, ர, இகரக் குறி, ச, இகரக் குறி என்று 5 குறியீடுகள். குரோம் எதிர்பார்க்கும் யூடிஎஃப் 8 என்ற குறியாக்கத்தில் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றுக்கும் 3 பைட் வீதம் 15 பைட். நீளத்தில் 5 என்று கணக்கிட்டு 15 பைட்டை அனுப்பினால், குரோம் தனக்குச் சொல்லப்பட்ட இடத்தில் உரையை வெட்டிவிட்டு, எஞ்சிய 10 பைட்டின் முதல் நான்கை அடுத்த செய்தியின் நீளமாக எடுத்துக்கொள்ளும். அது பல கோடியில் போய் நிற்கும், 1 எம்பி வரம்பைத் தாண்டும், இணைப்பு அறும். ஆங்கிலத்தில் எழுத்துக்கு ஒரு பைட் என்பதால் தவறு வெளியே தெரியாமல் இருந்திருக்கிறது. முதலில் யூடிஎஃப் 8க்கு மாற்றுங்கள், மாற்றியபின் கிடைக்கும் பைட்டுகளை எண்ணுங்கள்.

பைத்தானில் ஹோஸ்ட் எழுதுபவர்கள் பலருக்கு இது தட்டுப்படாததற்குக் காரணம், அதன் ஜேசன் நூலகம் தமிழ் எழுத்துகளை வழக்கமாகவே பின்சாய்கோட்டுக் குறியீடுகளாக மாற்றி, உரை முழுவதையும் அஸ்கிக்குள் அடக்கிவிடுவதுதான்.

தராசுக்காரன்:

ஊகம் சரி, அகல எழுத்து உரையின் நீளத்தைத்தான் எடுத்திருந்தேன். மாற்றியதும் அரிசியும் துவரம் பருப்பும் பெயரோடு வந்து கட்டத்தில் விழுகின்றன. நாளைக் காலை கடை திறப்பதற்கு முன் போய் நிறுவப்போகிறேன். கீ புலத்தை இப்போதே இட்டுவிட்டேன்.